'நிலையில்' என்று எழுதும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பை விடாமல் படித்து வருகிறேன். மாவட்டச் செய்திகளில் 'நிலையில்' என்ற சொல் படும் பாட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இப்படி ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "பாபநாசம் அணையில் இருந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கப்பட்ட நிலையில், விவசாயிகள் ஆட்சியரிடம் மனு அளித்தனர்." இதில் என்ன தெரிகிறது? தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வரவில்லை என்று மனு கொடுத்தார்களா? திறந்த பிறகு வேறு எதற்காகவோ போனார்களா? திறந்ததால் யாருக்காவது வயல் மூழ்கியதா? மூன்றும் வேறு வேறு சேதி. அங்கே போய் வந்த நிருபருக்கு எது என்று தெரியும். 'திறந்தும்', 'திறந்த பிறகு', 'திறந்ததால்' என்று எழுதினால் எங்களுக்கும் தெரிந்துவிடும். 'நிலையில்' என்று போட்டதும் காலம், காரணம், முரண் எல்லாம் மூடிக்கொள்கின்றன.

விபத்துச் செய்திகளில் இது இன்னும் உறுத்துகிறது. "ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிலையில், சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்." முதலில் வரும் 'நிலை' ஒருவருடைய உயிர் எப்படி ஊசலாடியது என்று சொல்கிறது. இரண்டாவது எதையுமே சொல்லவில்லை. அப்புறம் அடுத்த பத்தி 'இந்நிலையில்' என்று தொடங்குகிறது.

மொழி மாறும், புதுச் சொல் வரும் என்பதை மறுக்கவில்லை. வானிலை, உடல்நிலை, நிதிநிலை அறிக்கை எல்லாம் நல்ல சொற்கள்தான். "தாழ்வு மண்டலம் நிலைகொண்டுள்ளது" என்று நீங்கள் எழுதும்போது, அது நகராமல் கடலில் நிற்பது கண்முன் தெரிகிறது. அந்தச் சொல்லின் உயிரே நிற்பதில்தான் இருக்கிறது.

நம் பக்கத்தில் இந்தச் சொல்லை மக்கள் எவ்வளவு துல்லியமாகப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் அன்று டவுனில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி, "தேர் நிலைக்கு வந்துட்டா?" என்பதுதான். நான்கு ரத வீதியும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே தேர் திரும்பினால்தான் அது நிலை. 2024-ல் நெல்லையப்பர் தேரின் வடங்கள் அறுந்து தேர் வழியில் நின்றபோது ஊர் முழுக்கப் பட்ட கவலைக்குக் காரணம் இதுதான். தேர் நின்றுபோவது வேறு, நிலைக்கு வருவது வேறு. இந்த வேறுபாட்டை இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை.

வீடு கட்டும்போது தலைவாசலுக்கு நிலை வைக்க நாள் பார்க்கிறோம். மஞ்சள், குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுத்து அந்த மரச்சட்டத்தை நிறுத்துகிறோம். பழைய வீடுகளில் அது உயரம் குறைவு. "நிலை இடிச்சிரும், குனிஞ்சு வாங்க மாப்ள" என்பதுதான் விருந்தாளிக்குக் கிடைக்கிற முதல் உபசரிப்பு. தாமிரபரணியில் குளிக்கப் போகிற பிள்ளைகளிடம், "ஏல, அந்தப் பக்கம் போகாத, கால் நிலைக்காது" என்கிறோம். ஆழம் எத்தனை அடி என்பது அங்கே முக்கியமில்லை. கால் ஊன்ற இடம் உண்டா, இல்லையா என்பதே பேச்சு. தென்காசி கோயில் கோபுரத்துக்கு ஒன்பது நிலை. வெளியூர் போன மகன் போன் பண்ணவில்லை என்றால் அம்மாவுக்கு நிலைகொள்ளாது. பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி இலக்கணம் படித்தபோது, முதலில் நிற்பது நிலைமொழி, வந்து சேர்வது வருமொழி என்று படித்தோம்.

இவ்வளவு உறுதியாக நிற்கிற ஒரு சொல்லை இரண்டு வாக்கியங்களை ஒட்டுவதற்கு மட்டும் தேய்ப்பது எனக்கு மனக்கஷ்டமாக இருக்கிறது.

என் வேண்டுகோள் சிறியது. செய்தி திருத்தும் மேசையில் 'நிலையில்' வரும் ஒவ்வொரு முறையும், 'பிறகா, அதனாலா, இருந்துமா?' என்று நிருபரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பக்கங்களிலும் ஒரே நாளில் முடியாது என்றால், அணை, பாசனச் செய்திகளில் இருந்து தொடங்குங்கள். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் தண்ணீர் எப்போது வரும், ஏன் வரவில்லை என்பதை இங்கே பலரும் உங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.