பெரியப்பாவின் உயிலும் நார்ட்டனும்

அன்புள்ள மணி,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்ததற்கு நன்றாகத் திட்டிக்கொள். அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே எல்லாரும் சௌக்கியம்.

பெரியப்பா நஞ்சையை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு எழுதிவைக்கப்போவது பெரிய சந்தோஷம். ஆனால் "ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது" என்கிறாயே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அவசரக்குடுக்கை! பச்சையப்பன் கல்லூரி வழியாகத்தானே தினமும் போய்வந்தாய்? அது வந்த கதை தெரிந்தால் இப்படிப் பேசமாட்டாய்.

பச்சையப்ப முதலியார் 1794 மார்ச்சில் உயில் எழுதினார். அதே மாதம் திருவையாற்றில் காலமானார். அவர் நினைத்தது கோயில் கட்டளைகளும் தருமங்களும். பணமும் இருந்தது, உயிலும் இருந்தது, தருமம்தான் நடக்கவில்லை. வழக்கிலேயே ஒரு தலைமுறைக்கு மேல் போய்விட்டது. அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரல் ஹெர்பர்ட் காம்ப்டன் விஷயத்தைக் கையில் எடுத்தார், பின்னால் வந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாப்பிடியாக முடித்துவைத்தார். 1832இல் அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட் அறக்கட்டளைக்கு ஒரு திட்டம் வகுத்தது.

வழக்கு முடிந்ததோடு நார்ட்டன் ஒதுங்கியிருக்கலாம். அவர் ஒதுங்கவில்லை. கட்டளைகளுக்கு ஒதுக்கியதுபோக மீந்த பணம் படிப்புக்குப் போனது. 1842 ஜனவரி 1 அன்று, பின்னாளில் பச்சையப்பன் கல்லூரியான பள்ளி திறந்தது. அதற்கு முன்பே, 1839இல், கல்வி கேட்டுச் சென்னை மக்கள் ஏறத்தாழ 70,000 பேர் கையெழுத்திட்ட மனுவைக் கவர்னர் எல்பின்ஸ்டனிடம் கொடுத்தவரும் அவரே. பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். பிறர் சொத்தைத் தன் ஊர்ப் பிள்ளைகளின் சொத்தாக நினைத்துக் காத்த மனுஷன். நம் ஊரில் அவர் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, பெரியப்பா விஷயம். நஞ்சை அவர் சம்பாதித்ததா, பூர்வீகமா என்று முதலில் பார். பூர்வீகமென்றால் அவர் பங்கை மட்டும்தான் எழுத முடியும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடு, பின்னால் சண்டை குறையும். இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, அவர் முன்னிலையிலேயே அவர்களும் போடவேண்டும். அவரைவிட இளையவர்களாகப் பிடி. நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் உயிரோடு இருக்கவேண்டும். பரமசிவம் மாமாவை விட்டுவிடு, அவருக்கே எண்பது.

உயிலில் சொன்னதை நடத்திவைக்க ஒரே நிறைவேற்றாளர் போதாது. அவர் மறுத்தாலோ இறந்தாலோ அடுத்தவர் யார் என்று எழுது. குத்தகைப் பணம் மீந்தால் எதற்கு, பணம் போகிற பள்ளி மூடிப்போனால் எங்கே என்பதும் இருக்கட்டும். உயில்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. எழுதாமல் விட்டால், பிறகு சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் அட்வகேட் ஜெனரலோ, அறத்தில் அக்கறையுள்ள இரண்டு பேரோ கோர்ட்டுக்கு ஓடவேண்டிவரும். எல்லா ஊருக்கும் ஒரு நார்ட்டன் கிடைப்பாரா?

என்னைக் கேட்டால், அவர் இருக்கும்போதே அறக்கட்டளைப் பத்திரமாகப் பதிந்துவிடுவது இன்னும் மேல். பிள்ளைகள் படிப்பதை அவரே கண்ணால் பார்ப்பாரில்லையா? பட்டா, மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று மூன்றுக்கும் நகல் எடுத்து இந்த வாரமே அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை எதிலும் அவரைக் கையெழுத்துப் போடவிடாதே.

உன்,
ராமு