வில்லிசை மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அவைத்தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நம் வில்லுப்பாட்டுக் குழு இதுவரை மேடையேற்றிய கதை, பாட்டு, நகைச்சுவை அனைத்தையும் திரும்பக் கேட்டுப் பட்டியலிடுவதே இவ்வாண்டின் முதன்மைப் பணி. அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

நம் பாணிக்கு இரண்டு வேர். ஒன்று, நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் கோயில் கொடைத் திருவிழாக்களில் விடிய விடியப் பாடும் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்துப்பட்டன் கதைகள். மற்றொன்று, நாகர்கோவிலில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், நெல்லைச் சீமையின் சுப்பு ஆறுமுகமும் சமகாலச் செய்திக்கும் சிரிப்புக்கும் வில்லைக் கொண்டுவந்த மேடை. 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் 2022-இல் மறைந்தார். நம் பாட்டு நோட்டுகளில் இரண்டு வழியும் கலந்தே கிடக்கின்றன.

பழைய நிகழ்ச்சிகளைப் பதிந்த கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவதைப் பற்றி. வெள்ளைப் பூஞ்சை தெரியும் கேசட்டை மற்றவை ஓடும் பிளேயரில் போடக் கூடாது. நாடாவைப் படிக்கும் ‘ஹெட்’டில் ஒட்டி அடுத்ததற்கும் பரவும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சு விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். நாடாவை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றினால் தீரும். ஓட்டும் முன் ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றிவிட வேண்டும். ஹெட்டின் சாய்வைத் திருத்தும் திருகை ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியே திருப்பினோம். அதற்கு வில்லில் கட்டிய மணிகளின் ஒலியைவிட நல்ல அளவுகோல் இல்லை. சாய்வு பிசகினால் உச்ச ஒலிகள்தாம் முதலில் போகும், மணி மொத்தையாகக் கேட்கும். மணி கணீரென்றால் சாய்வு சரி. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதிந்த பிறகே எம்பி3 நகல் எடுக்கிறோம்.

வரிசையாகக் கேட்டபோது ஒன்று துலங்கியது. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழி என்ற அடைவு இன்றும் அப்படியே இருக்கிறது. விடிய விடியப் பாடியது இரண்டு மணி நேர மேடையாகச் சுருங்கியபோது, வெட்டு விழுந்தது இடத்தே பாடுவோர் மீதுதான். வலத்தே இருக்கும் புலவர் ஓர் அடி சொல்ல, இடத்தே இருப்பவர் ‘ஆமா’ போட்டு, குறுக்கே கேட்டு, மறுத்து, அடுத்த அடியை இழுத்துவருவார். நம் குழுவின் சிரிப்பில் பெரும்பகுதி இந்த மறுமொழியில் இருந்தது. அதை நீக்கிய பதிவுகளில் அதே வரிகள் உபந்நியாசமாக ஒலிக்கின்றன, கூட்டம் சிரிக்கவில்லை. கதையின் கிளைகளைக் குறைத்தாலும் ‘ஆமா’வைக் குறைக்கக் கூடாது என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து.

சிரிப்பு எழுந்தபின் என்ன செய்வது என்பதும் பழைய பதிவுகளில் தெளிவாக இருக்கிறது. வில்லை அடிக்கும் வீசுகோல் நிற்கும், குடம் மட்டும் தாளத்தைப் பிடித்திருக்கும், சிரிப்பு அடங்கும்போது கடைசிச் சீரை மீண்டும் சொல்லி அடுத்த அடிக்குப் போவார்கள். சிரிப்பின் மேலேயே வில்லை அடித்தால் அடுத்த அடி யாருக்கும் கேட்காது.

கருவிகள். வில்லின் நாண் தோல் என்பதால் கொடை இரவின் பனியில் தளரும். ஆட்டம் முடிந்ததும் நாணை இறக்கி வைக்காவிட்டால் வில்தண்டான கதிரின் வளைவும் கெடும். உடுக்கைத் தோலுக்கும் இதே தொல்லை. சற்றே சூடு காட்டினால் போதும், அதிகம் காட்டினால் கிழியும். பிளாஸ்டிக் தோல் பனிக்கு அசையாது. ஆனால் இடைக்கயிற்றை அமுக்கும்போது வரும் அந்தக் குழைவு அதில் இல்லை. குடம் நன்றாக வெந்ததாக, தட்டினால் கணீரென்பதாக இருக்க வேண்டும். குடத்தைத் தாங்கும் வைக்கோல் வளையமான புரிமணை இல்லாமல் மேடைப் பலகையில் வைத்தால் அதிர்வில் விரிசல் காணும். மாற்றுக் குடம் ஒன்று எப்போதும் கூட வர வேண்டும். மைக்கைக் குடத்தின் வாய்க்கு நேரே வைத்தால் குடத்தை அடிக்கும் மட்டையான பத்தி விழும் ஒவ்வோர் அடிக்கும் ஒலிபெருக்கி முழங்கி ஊளையிடும். ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வைத்து, மிக்ஸரில் அடியொலியைக் குறைக்க வேண்டும். வில்லுக்குத் தனி மைக் தேவையில்லை. குரல் மைக்கிலேயே மணி போதுமான அளவு ஏறிவிடும். இடத்தே பாடுபவருக்குத் தனி மைக் கட்டாயம்.

வரும் ஆண்டில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதலில் இடத்தே உட்கார்ந்து பழகுவார்கள். நோட்டுகளைத் தட்டச்சு செய்யும்போது பென்சிலில் ஓரத்தில் எழுதிய பேச்சு வரிகளையும் விடாமல் சேர்ப்போம். கொடைகளில் பதிந்த கேசட்டுகள் வீட்டில் வைத்திருப்பவர்கள், கோயில் பெயரும் ஏறத்தாழ ஆண்டும் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். தாமாக ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

செயலாளர்