நீலக் கோட்டு அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

மகள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்கு நாளாகிறது. இதை எழுதும்போது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், அவள் மூச்சு இங்கே கேட்கிறது. என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதானே இத்தனை நாளும் கூடவே இருந்தீர்கள். அதையெல்லாம் மறுபடி எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. 23 நாள். அது போதும்.

ஆனால் நன்றி சொல்லாமல் ஒரு வாய் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

திருச்சியில் தனியாக இருந்த என் வீட்டுக்காரருக்கு மூன்று வேளையும் தூக்குவாளியில் சாப்பாடு கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அக்கா, சமயபுரத்துக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டு வந்த என் பழைய மாணவிகள், மருமகன் வேலையைத் தாங்கள் பங்கு போட்டுக்கொண்டு அவரை மருத்துவமனையிலேயே இருக்கச் சொன்ன அவருடைய அலுவலக நண்பர்கள், தலையணைக்கு அடியில் நான் வைத்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, படுக்கை விரிப்பை மாற்றும்போதெல்லாம் அதை அதே இடத்தில் திரும்ப வைத்த இரவுப் பணிச் செவிலியர், எல்லோருக்கும் கைகூப்பிக் கும்பிடுகிறேன். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடியப்பமும் சொதியும் சுமந்து வந்த அந்த யாழ்ப்பாணத் தம்பதியை எப்படி மறப்பேன். எங்களுக்கு அவர்கள் உறவில்லை, முன்பின் அறிமுகமும் இல்லை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்தவர்கள். கதவைத் திறந்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "அம்மா, நீங்கள் சாப்பிட்டியளோ?" மகளைப் பற்றி அப்புறம்தான் கேட்டார். அன்றைக்கு முழுவதும் நான் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

உங்கள் எல்லோரிடமும் நேரில் வந்து சொல்ல முடியும், தொலைபேசியிலாவது பேச முடியும். ஒரே ஒருவரிடம்தான் முடியாது. அவர் பேர் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தில் அவருக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். நீங்கள் யாரும் வருத்தப்பட மாட்டீர்கள் என்று தெரியும்.

மகள் இருக்கும் ஊரின் பெயர் பிரெஞ்சில் ஆறு எழுத்து, வாயில் சொல்லும்போது ஒரே எழுத்து: ஸோ. பாரிஸின் நடுவிலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டர். 20,000 பேர் வசிக்கிறார்கள் என்கிறாள் மகள், ஆனால் தெருவில் நடந்தால் இருபது பேரைப் பார்ப்பது கஷ்டம். சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வீடு சன்னலின் வெளிக்கதவுகளைச் சாத்திவிடுகிறார்கள். தெரு முழுக்க என் செருப்புச் சத்தம் ஒன்றுதான். திருச்சியில் தெருமுனை டீக்கடை, கோயில் மணி, பால்காரர் என்று பழகிய காது இது. வந்த புதிதில் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், இங்கே ஒருவர் விழுந்து கிடந்தாலும் ஒரு கதவு திறக்காது என்றுதான் நினைத்திருந்தேன். மகளிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன்.

மருத்துவமனைக்குப் போக ஆர்.இ.ஆர். பி (B) என்ற புறநகர் ரயில்தான். தினமும் காலையில் போய் இரவு திரும்புவேன். முதல் சில நாள் மருமகன் கூட வந்தார். ஆறாம் நாள் இரவு அவர் அங்கேயே தங்கியாக வேண்டிய நிலை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நான் தனியாகத் திரும்பினேன். மனசு ரயிலில் இல்லை. கைபேசியில் சார்ஜும் தீர்ந்துவிட்டது. ஒரு நிலையத்தில் பெயர்ப்பலகையில் அந்த ஆறு எழுத்தைப் பார்த்தேன். எழுந்து இறங்கிவிட்டேன்.

தவறு அங்கேதான். இந்தப் பாதை பூர்-லா-ரென் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் 'ஸோ' நிலையம். இன்னொரு கிளையில் 'பார்க் து ஸோ' நிலையம். இரண்டு பலகையிலும் அதே ஆறு எழுத்து. நான் இறங்கியது இரண்டாவதில். இரண்டுக்கும் நடுவில் ஊரின் பெரிய பூங்கா கிடக்கிறது. இதெல்லாம் இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே தெரிந்த தெரு என் தெரு இல்லை என்பதுதான். மணி ஒன்பதே முக்கால். நடைமேடையில் இறங்கிய நாலைந்து பேரும் போய்விட்டார்கள். அழக்கூடாது என்று அத்தனை நாளாகப் பிடித்து வைத்திருந்தது அந்த நடைமேடையில் உடைந்தது.

இறங்கிப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தார். எழுபத்தைந்து வயதாவது இருக்கும். நீலக் கோட்டு, சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை. தோளில் துணிப்பை. அதிலிருந்து வெங்காயத்தாளைப் போல, ஆனால் அதைவிடப் பருமனான பச்சைத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. என்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மூன்று வார்த்தை. மகள் முகவரி எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "ஆ, ஸோ," என்றார். அந்தக் குரலில் இருந்தது பரிதாபம் இல்லை. இந்தத் தவறு எனக்குத் தெரியும், நிறையப் பேர் செய்வதுதான் என்பது போல இருந்தது.

அவர் வழி சொல்லியிருக்கலாம். இடது பக்கம், வலது பக்கம் என்று கை காட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. என் கையைப் பிடித்தார். எதிர் நடைமேடைக்குக் கூட்டிப்போய், வந்த வழியே ஒரு நிலையம் திரும்ப என்னோடு ரயிலில் வந்தார். தன் வீட்டுக்குப் போக இறங்கியவர்.

பூர்-லா-ரென் நடைமேடையில் அடுத்த வண்டிக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார வைத்தார். பையைத் துழாவி ஒரு பழைய உறையையும் பென்சிலையும் எடுத்தார். பென்சிலின் அடிப்பக்கம் பல் பதிந்து நசுங்கியிருந்தது. எழுதுவதற்காக வலது கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நல்ல குளிர், விரல் நுனி சிவந்திருந்தது. உறையின் பின்பக்கம் கீழே ஒரு கோடு. மேலே அது கவட்டைக் கிளை மாதிரி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் ஒரு வட்டம் போட்டு, முகவரிக் காகிதத்தைத் தொட்டுக் காட்டினார்: இதுதான் உன் ஊர். இன்னொரு கிளையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, நாங்கள் வந்த திசையைக் காட்டினார்.

அப்புறம் வட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தைப் பெரிதாக எழுதினார். அடியில் இரண்டு கோடு. எதற்கென்று எனக்குப் புரியவில்லை. வண்டி வந்தது. அதன் நெற்றியில் நான்கு எழுத்தில் ஏதோ ஒரு பெயர் ஒளிர்ந்தது. முதல் எழுத்தை விரலால் காட்டினார். உறையைக் காட்டினார். அதே எழுத்து. அப்போது புரிந்தது. இந்த ரயில்களுக்கு நாலெழுத்துப் பெயர் உண்டு. முதல் எழுத்தைப் பார்த்தே வண்டி எந்தக் கிளைக்குப் போகிறது என்று சொல்லிவிடலாம். பி (P) என்றால் பார்க் து ஸோ இருக்கும் சான்-ரெமி கிளைக்குப் போகும் வண்டி, ஏறக்கூடாது. ஆறு நாளாக அந்த ரயிலில் போய் வந்தவளுக்கு இது தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை என்று குறை சொல்லவில்லை. நான் தொலைவேன் என்று யாருக்குத் தோன்றும்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்றைக்கு எனக்கு ஓர் எழுத்தை அவர் சொல்லிக்கொடுத்தார். அந்த ராத்திரியில் வண்டியின் நெற்றியில் அந்த எழுத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவரிடம் சொல்லத் தவித்தேன். சொல்ல மொழி இல்லை.

ஏற்றிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். கூடவே ஏறினார். ஸோ நிலையத்தில் இறங்கி வீட்டு வாசல் வரை நடந்து வந்தார். கதவின் எண்களை நான் சரியாக அழுத்தும் வரை நின்றார். மூன்றாம் மாடிக்குப் போய் விளக்கைப் போட்டு சன்னலைத் திறந்தேன். கீழே தெருவிளக்கின் அடியில் இன்னும் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையுறை போட்ட கையை ஒரு தடவை உயர்த்திவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த அமைதியான தெருவில் அவர் காலடிச் சத்தம் வளைவு வரை கேட்டது. மறுபடி ரயில் ஏறி, இறங்கி, மாறி, அவர் வீடு போய்ச் சேரும்போது பதினொன்று ஆகியிருக்கும்.

இத்தனை நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் எங்கள் கஷ்டம் தெரிந்து வந்தீர்கள். தெரிந்ததும் ஓடி வந்தது பெரிய மனசு, அதில் சந்தேகமே இல்லை. அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. மருத்துவமனை தெரியாது, மகள் தெரியாது, அன்றைக்கு மருத்துவர் என்ன சொல்லி அனுப்பினார் என்பது தெரியாது. அவர் கண்ணில் பட்டது நிலையம் மாறி இறங்கி அழுதுகொண்டிருந்த ஒரு வயதான பெண், அவ்வளவுதான். அதற்கே இவ்வளவு செய்தார்.

மறுநாளிலிருந்து நான் தனியாகவே போய் வந்தேன். உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எழுத்தைப் பார்த்து ஏறினேன். பயம் போய்விட்டது. மகளிடம் என்னால் சிரித்த முகத்தோடு போக முடிந்தது என்றால் அந்தப் பென்சில் கோடுதான் காரணம்.

நேற்று மகளைக் கைத்தாங்கலாகப் பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். கோல்பேர் என்ற அமைச்சருக்காக லெ நோத்ர் என்ற தோட்டக் கலைஞர் 17-ஆம் நூற்றாண்டில் வகுத்துக்கொடுத்த பூங்கா. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய், இரண்டு கரையிலும் நெட்டை மரங்கள். ஏப்ரலில் இங்கே செர்ரி பூக்கிறது, ஒரு தோப்பில் இளஞ்சிவப்பு, இன்னொன்றில் வெள்ளை. ஜப்பான்காரர்கள் குடும்பத்தோடு வந்து மரத்தடியில் விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் தலையில் ஓர் இதழ் விழுந்தது. எடுக்க வேண்டாம் அம்மா, இருக்கட்டும் என்றாள்.

திரும்பும் வழியில் அவள் ஒன்று சொன்னாள். மேரி கியூரிக்கும் பியர் கியூரிக்கும் திருமணம் நடந்தது இந்த ஊர் நகர்மன்றத்தில்தானாம், 1895 ஜூலை 26. 1906-ல் கணவர் விபத்தில் இறந்து இந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்ட பிறகு, மேரி இரண்டு பெண் குழந்தைகளோடும் மாமனாரோடும் இங்கே குடிவந்து, பாரிஸுக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்தாராம். ஸோவுக்கென்று 1846-ல் போட்ட பாதைதான் இன்றைக்கு என்னைச் சுமக்கும் பாதை. போலந்திலிருந்து வந்த ஒரு பெண், மனசு முழுக்கத் துக்கத்தோடு, இதே தடத்தில் தினமும் போய் வந்திருக்கிறார். அவருடைய நோபல் பரிசுகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ரயில் பயணத்தை நினைத்துப் பார்த்ததில்லை.

போன வருடம் திருச்சி ஜங்ஷனில் வடக்கத்திப் பையன் ஒருவன் கையில் காகிதத்தோடு என்னிடம் வந்தான். இருபது வயது இருக்கும். எந்த நடைமேடை என்று தெரியாமல் நின்றான். நான் அவசரத்தில் "அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டிவிட்டு நடந்தேன். அவன் சரியாகப் போனானா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் முகம் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது. ஊருக்குத் திரும்பியதும் ஒன்று மட்டும் செய்யப் போகிறேன். காகிதத்தோடு நிற்கிறவர் யாராக இருந்தாலும் கூடவே நடந்து போய், அவர் வண்டியில் ஏறும் வரை நிற்பேன். கைப்பையில் ஒரு பென்சில் எப்போதும் இருக்கும். இதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவைக்கிறேன்.

அந்த அம்மாவைத் தேடி மூன்று தடவை அதே நேரத்துக்கு பி (P) வண்டியில் ஏறி பார்க் து ஸோவில் போய் நின்றேன். நீலக் கோட்டு போட்ட யாரையும் காணவில்லை. இன்று இரவும் போகிறேன். நான் சொல்லச் சொல்ல மகள் படுத்துக்கொண்டே பிரெஞ்சில் நாலு வரி எழுதித் தந்திருக்கிறாள். அவள் கையெழுத்து இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது. கடைசி வரியில், "இதை எழுதுவது அந்தப் பெண்ணின் மகள்" என்று தானாகவே சேர்த்திருக்கிறாள். காகிதத்தை அந்த உறைக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். ஒன்பதே காலுக்குக் கிளம்ப வேண்டும்.