ஆண்டறிக்கை 2020–21: பல்பீர் சிங் சீனியர் நினைவாக

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆட்டக்காரர்களே, பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவைக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2020 மார்ச் இறுதியில் தொடங்கிய ஊரடங்கால் சென்ற ஆண்டு நம் ஹாக்கி சங்கத்தின் கோடைப் பயிற்சி முகாம் நடைபெறவில்லை. ஆண்டுப் போட்டியும் இல்லை. கோவில்பட்டி மைதானத்தில் கோடை விடுமுறையில் மட்டைச் சத்தம் கேட்காதது இதுவே முதல்முறை என்று மூத்த உறுப்பினர்கள் வருந்தினார்கள். தளர்வுகள் வந்தபின் சிறு சிறு குழுக்களாகப் பயிற்சியைத் தொடங்கினோம். ஆட்டங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

அந்தக் கோடையில், மே 25 அன்று, இந்திய ஹாக்கியின் மூத்த மகன் பல்பீர் சிங் சீனியர் மொகாலியில் 96-ஆம் வயதில் காலமானார். அன்று நாம் ஒன்றுகூடி அஞ்சலி செலுத்த வழியில்லாமல் போனது. இப்பொதுக்குழுவிலாவது அவரை முறையாக நினைவுகூர வேண்டும் என்று செயற்குழு விரும்பியது. தயான் சந்த் பெயர் நம் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். பல்பீர் சிங்கைத் தெரிந்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள் என்பது என் மனக்குறை.

பஞ்சாபின் ஹரிப்பூர் கால்சா கிராமத்தில் பிறந்தவர். தந்தை விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா இறுதி ஆட்டத்தில் பிரிட்டனை 4-0 என்று வென்றபோது, முதல் இரண்டு கோல்களையும் அடித்தவர் அந்தச் சிறைக்கைதியின் மகன். வெம்ப்ளி மைதானத்தில், நம்மை ஆண்டவர்களின் தலைநகரிலேயே, மூவண்ணக் கொடி ஏறியது. அதே தொடரில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஆறு கோல் அடித்த மறுகணமே அவரை வெளியே உட்கார வைத்தார்கள் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். லண்டனில் படித்த இந்திய மாணவர்கள் அப்போதைய இந்தியத் தூதர் கிருஷ்ண மேனனிடம் முறையிட்டார்கள். அதன் பிறகுதான் அவர் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்.

1952 ஹெல்சிங்கியில் நெதர்லாந்தை 6-1 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் ஐந்து கோல் அவருடையவை. ஆண்கள் ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் ஒருவர் அடித்த அதிக கோல் என்ற அந்தச் சாதனை இன்றுவரை நிற்கிறது. 1956 மெல்போர்னில் அவர் அணித்தலைவர். முதல் ஆட்டத்திலேயே விரல் எலும்பு முறிந்தது. அந்த வலியோடு இறுதி ஆட்டத்தில் இறங்கி, பாகிஸ்தானை 1-0 என்று வென்ற அணியை நடத்தினார். 1957-இல் பத்மஸ்ரீ, அவ்விருதைப் பெற்ற முதல் விளையாட்டு வீரர் அவர்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் அணியில் மட்டும் மூன்று பல்பீர் சிங்குகள் இருந்தார்கள். எத்தனை பேர் வந்தாலும் ‘சீனியர்’ இவர் ஒருவர்தான்.

நம் மூத்த பயிற்சியாளர் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லும்போது பந்தைக் கோலுக்கு முன்னுள்ள ‘டி’ வட்டத்தின் விளிம்பில் வைத்துக் காட்டுவார். பந்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வித்தை காட்டாமல், பாஸ் வந்த வேகத்திலேயே மட்டையை அதிகம் பின்னுக்கு ஓங்காமல் இலக்கைப் பார்த்து அடிப்பதுதான் பல்பீர் சிங்கின் பாணி என்பார். கோல்கீப்பர் கால் மாற்றுவதற்குள் பந்து பலகையில் மோதும் ஓசை கேட்க வேண்டும். கரிசல் மண்ணில் பந்து எப்படித் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்த முதல் அடி மிகவும் பொருந்தும் என்பது பயிற்சியாளரின் கருத்து.

ஆனால் எனக்கு அவர் மீதுள்ள மதிப்பு 1975-இல்தான் உச்சத்துக்குப் போகிறது. அப்போது அவர் உலகக் கோப்பை அணியின் மேலாளர். சண்டிகரில் முகாம் நடக்கும்போதே தந்தை இறந்துபோனார். மனைவிக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. மகனாகவும் கணவராகவும் செய்ய வேண்டியதைச் செய்தார், முகாமையும் கைவிடவில்லை. இதை அவருடைய மன உறுதி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நோயாளியின் படுக்கையருகே யாரோ விழித்திருந்ததால்தான் அவரால் மைதானத்தில் நிற்க முடிந்தது. நம்மில் எத்தனை வீடுகளில், தீப்பெட்டி ஆலை வேலை முடிந்து வந்த தாய் மறுபடி அடுப்பைப் பற்றவைத்துப் பிள்ளையை அதிகாலைப் பயிற்சிக்கு அனுப்புகிறார் என்பது இங்கே அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

கோலாலம்பூர் அரையிறுதியில் மலேசியாவிடம் பின்தங்கி நின்றபோது, வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கான் மாற்று ஆட்டக்காரராக அனுப்பப்பட்டார். எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி கார்னர் வாய்ப்பில் அவர் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா வென்றது. இறுதியில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கிய அந்த அணியில் நம் தமிழ்நாட்டின் வி.ஜே. பிலிப்சும் இருந்தார். ஆறு கோல் அடித்தும் வெளியே உட்கார்ந்த ஒருவருக்கு, வெளியே உட்கார்ந்திருப்பவனின் தவிப்பு தெரியாமல் இருக்குமா?

முதுமையில் பல்பீர் சிங் மகள் வீட்டில், மகளும் பேரனும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வாழ்ந்தார். 2019 தொடக்கத்தில் 108 நாள் மருத்துவமனை வாசத்திலிருந்து மீண்டு வந்தார். ஊரடங்குக் காலத்தில் நடந்த இறுதிச் சடங்கைப் பேரனே செய்தார்.

ஒரே ஒரு வருத்தம். அருங்காட்சியகம் அமைப்பதற்காக 1985-இல் அவர் கொடுத்த 36 பதக்கங்களும், 1956 அணித்தலைவர் கோட்டும், அரிய புகைப்படங்களும் தொலைந்துபோயின. அவர் உயிரோடு இருந்தவரை அவை கைக்கு வரவில்லை.

இந்த நினைவுகளை ஒட்டிச் செயற்குழு இரண்டு முடிவுகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறது. சங்க அறையில் உள்ள பழைய கோப்பைகள், கேடயங்கள், குழுப்படங்கள் அனைத்தையும் புகைப்படம் எடுத்து, யார் எந்த ஆண்டு ஆடினார்கள் என்ற விவரத்துடன் பதிவேடு தொடங்க வேண்டும். பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் கொடுத்துதவினால் பிரதி எடுத்துக்கொண்டு அசலை அன்றே திருப்பித் தருவோம். அடுத்த ஆண்டுப் போட்டி முதல், அதிக கோல் அடித்தவருக்கான பரிசோடு, மாற்று ஆட்டக்காரராக இறங்கிச் சிறப்பாக ஆடியவருக்கும் பல்பீர் சிங் சீனியர் நினைவாக ஒரு பரிசு வழங்க வேண்டும். பரிசுக்கான செலவை ஏற்க உறுப்பினர் ஒருவர் ஏற்கெனவே முன்வந்திருக்கிறார், அவருக்கு நன்றி.

ஆட்டம் இல்லாத ஆண்டிலும் சந்தாவை நிறுத்தாமல் செலுத்திய உறுப்பினர்களுக்கும், ஊரடங்கில் வேலையிழந்த குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் கொண்டுசேர்த்த இளைய ஆட்டக்காரர்களுக்கும் சங்கம் கடன்பட்டிருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்