மாடி வீட்டுத் தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. அவளுக்கு வந்திருப்பது, இன்சுலின் சுரக்கும் செல்லை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடும் சர்க்கரை நோய்; தினமும் இன்சுலின் ஊசி. நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ எடுத்தவர், கரண்ட் போனபோது இன்சுலினைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்ட எதிர்வீட்டு அத்தை, மேஜை டிராயரில் குளுக்கோஸ் பாக்கெட் வைத்திருக்கும் டீச்சர், வட்டி கேட்காத சித்தப்பா, எல்லோருக்கும் கும்பிடு.

மாடி வீட்டுத் தம்பி செய்ததை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ கையில் திணித்த நோட்டீஸ் அது. 'ஸ்டெம் செல் சிகிச்சை, இனி ஊசி வேண்டாம்.' நாலரை லட்சம். பாப்பாவின் அப்பா என் வளையலைக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார். நானும் தடுக்கவில்லை. மோட்டார் போடச் சொல்லி இறங்கி வந்த தம்பி அதைப் பார்த்தார். செல் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை.

திட்டவில்லை. படியில் உட்கார்ந்து, நோட்டீஸைத் திருப்பி, பால் கணக்குப் பென்சிலால் வரைந்தார். விஷயம் நிஜம்தானாம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த டக்ளஸ் மெல்ட்டன் என்பவரின் இரண்டு பிள்ளைகளுக்குமே இந்தச் சர்க்கரை. அவர் குழு 2014-இல் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லைப் படிப்படியாகப் பக்குவப்படுத்தி, இன்சுலின் சுரக்கும் செல்லாக வளர்த்துக் காட்டியது. அந்த வழியில் வந்த செல்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் முழு அளவு செலுத்திய 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்தும் ஊசி தேவைப்படவில்லை என்று 2025-இல் வெளிவந்திருக்கிறது.

"ஆனா அந்தப் புதுச் செல்லை உடம்பு அழிச்சிடாம இருக்க, அவங்க எல்லாரும் எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரை சாப்பிடுறாங்கக்கா. அந்த மாத்திரையே பெரிய ஆபத்து. இவங்க என்ன மாத்திரை தருவாங்கன்னு மட்டும் கேளுங்க."

காலையில் போன் போட்டேன். "ஒண்ணுமே வேண்டாம் மேடம், குழந்தையோட சொந்த செல்தானே" என்றார்கள். தம்பியிடம் சொன்னேன்.

"சொந்த செல்லைத்தானேக்கா உடம்பு ஏற்கெனவே அழிச்சுது?"

அவ்வளவுதான். வளையல் கையிலேயே இருக்கிறது.

அன்று அழுதேன், பணம் தப்பியதற்கு அல்ல. ஊசி இல்லாத பாப்பாவை நாலு நாள் மனசுக்குள் வளர்த்திருந்தேன். தம்பிக்கு அது புரிந்திருக்க வேண்டும், உடனே எழுந்து போகவில்லை. மோட்டார் ஓடி, தொட்டி வழிந்து, தண்ணீர் படியில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

இனி எந்த அம்மா அந்த நோட்டீஸோடு வந்தாலும் அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுப்பேன். தம்பி, வாடகை மெதுவாகக் கொடுங்கள். பாப்பா நீங்கள் வரைந்த படத்துக்குக் கலர் அடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். கல்லீரலுக்குப் பச்சை.