பிடியரிசிப் பானை

அன்புள்ள மக்கா,

நாங்கள் நலம். உன் வீட்டில் எல்லாரும் சுகந்தானே. ஆச்சி போன சேதியை நான் போனில் சொன்னபோது உன் கடை வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் சொன்னதில் பாதி உன் காதில் விழுந்திருக்காது. தாராவிக்குப் போய் முப்பது வருஷம் ஆகியும் அழும்போது உனக்கு நம்ம ஊர் இழுவைதான் வருகிறது. வர முடியவில்லையே என்று நீ அனுப்பிய குரல் பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "அவன் வந்தா என்ன, வராட்டா என்ன, அவன் தின்ன சோத்துக்கு அழுதுட்டான்" என்றாள்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் துண்டு துண்டாகப் போகும். அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

ஆச்சிக்கு 95 வயது. பிறந்தது 1929 என்று சபைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அவள் வருஷத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? கல்யாணம் "சபை ஒண்ணான வருசம்", அதாவது தென்னிந்தியத் திருச்சபை உருவான 1947. அந்த வருஷம்தான் சுதந்திரமும் வந்தது என்று நான் ஒரு தடவை சொன்னேன். "ஆமா, அதுவும் வந்தது" என்றாள். தாமிரபரணி ஊருக்குள் வந்த 1992 அவளுக்கு "ஆத்து வெள்ளம்". ஐயா பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தது எந்த வருஷம் என்று கேட்டால் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

அடக்க ஆராதனைக்குக் கூட்டம் சபைக் கோயிலுக்குள் கொள்ளவில்லை. குரு வழக்கம்போல "ஜெப வீராங்கனை" என்றார், "தபீத்தாள் போல" என்றார். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. வேதத்தில் வரும் தபீத்தாள் ஏழைகளுக்கு அங்கி தைத்துக் கொடுத்தவள். நம்ம ஆச்சிக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது உலை வைப்பதும் கருப்பட்டி காய்ச்சுவதும்தான்.

பதநீர் காய்ச்சுகிற அந்த விடிலிக் குடிசையில் அவள் நின்ற நிற்பு உனக்கு நினைவிருக்கும். பங்குனியில் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் அவள் மேலெல்லாம் புகை மணம்தான். ஐயா விடியற்காலையும் சாயங்காலமும் ஏறி இறக்கிய பதநீரைத் தாச்சியில் ஊற்றி, பனைமட்டையும் காய்ந்த ஓலையுமாக எரிப்பாள். நுரை பொங்கி விளிம்பைத் தொடும் நேரத்தில் ஆமணக்கு முத்து ஒன்றை நசுக்கிப் போடுவாள். பொங்கின நுரை திட்டு வாங்கின பிள்ளை மாதிரி அடங்கும். பாகு பதமாகிவிட்டதா என்று துடுப்பிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பாள். அந்த உருண்டைக்குத்தான் நாம் இரண்டு பேரும் தேரி மணல் காலைச் சுடச்சுட ஓடுவோம். சிரட்டைகளை நனைத்து வரிசையாக வைத்துப் பாகை ஊற்றும்போது உதடு அசையும். ஜெபமா, எண்ணிக்கையா என்று நான் கேட்டதில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

ஊருக்கு அவள் செய்ததெல்லாம் அந்தச் சிரட்டைகளிலிருந்துதான் வந்தது. எந்த வீட்டில் பேறுகாலம் என்றாலும் சுக்கு, மிளகு, திப்பிலி இடித்துக் கருப்பட்டி சேர்த்துக் காயம் கிண்டிக் கொண்டு போவாள். சாதி பார்க்கமாட்டாள், கோயிலா சர்ச்சா என்றும் பார்க்கமாட்டாள். நீ பத்தாவது பரீட்சைக்குப் பணம் கட்டியதும் ஒரு சிப்பம் கருப்பட்டி விற்றுத்தான். அதை உன்னிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இப்போது சொல்கிறேன், தப்பா நினைக்காதே.

ஒன்று சொல்ல வேண்டும். இறந்தவளைப் பற்றி நல்லது மட்டும் எழுதினால் அது கல்லறைக் கல்லில் வெட்டுகிற எழுத்து. வீட்டுக்குள் ஆச்சி கடுசு. அம்மா வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாக யார் யாருக்கோ உலை வைத்தாள், ஒரு நாளும் "ஏட்டி, நீ சாப்பிட்டியா" என்று கேட்டதில்லை என்பாள். "ஊருக்கு அவ ஆச்சி, எனக்கு மாமியாதான்" என்பது அம்மாவின் பழைய பாட்டு. டிவி வாங்கின அன்று ஆச்சி மூன்று நாள் முன்னறைப் பக்கமே வரவில்லை. உங்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு உன் அம்மா கொடுத்துவிடும் பொங்கலை அவள் வாயில் வைத்ததே கிடையாது. ஆனாலும் தூக்குச்சட்டியைக் கழுவி, உள்ளே இரண்டு கருப்பட்டி போட்டுத்தான் திருப்பி அனுப்புவாள். நான் அந்தப் பொங்கலை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றதை ஒரு தடவை பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. இலையை மட்டும் மாட்டுக்குப் போடச் சொன்னாள்.

உன் மகள் அன்றைக்குப் போனை வாங்கி, "அங்கிள், அப்பா பிடியரிசி பிடியரிசின்னு அழுறாரு, அப்படின்னா என்ன?" என்றாள். பம்பாயில் பிறந்த பிள்ளைக்கு எங்கே தெரியும்? நான் என்னமோ சொல்லிச் சமாளித்தேன். நீ சரியாகச் சொல்லிக்கொடு: உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது, அது கர்த்தருக்கு. எங்கள் சபையில் மாசத்து முதல் ஞாயிறு எல்லார் வீட்டுப் பிடியரிசியும் கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் முருங்கைக்காய், முதல் குலைத் தேங்காய், கால் கட்டின சேவல் இவற்றோடு சேர்த்து ஏலம் விடுவார்கள். இங்கே இருந்து இப்போது தெலங்கானாவில் இருக்கிற தோர்ணக்கல் வரைக்கும் ஊழியர்களை அனுப்பினார்களே, அந்த இந்திய மிஷனரி சங்கம் 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கியது. நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள் தங்கள் கைக்காசைப் போட்டு நடத்தியது. அதில் எத்தனை பனையேறி வீட்டு அரிசி இருக்கும் என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இருக்காது.

எனக்கு ஒன்பது வயசிருக்கும். மாசக் கடைசி, ரேஷன் அரிசி வரவில்லை. ஆறு பேருக்கு ஒரு படிதான் இருந்தது. அதிலும் பிடி எடுத்தாள். நான் கத்தினேன், "நமக்கே இல்ல, சாமிக்கு எதுக்கு?" என்று. அடிக்கப்போகிறாள் என்று அம்மா என்னைப் பின்னால் இழுத்தாள். ஆச்சி நிதானமாக, "ஏல, நீ தின்னும்போது எத்தன உருண்ட கொறையிதுன்னு எண்ணிச் சொல்லு, நாளைக்கு எடுக்கல" என்றாள். எண்ணினேன். குறைந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை, ஏனென்றால் முந்தின நாள் எண்ணவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பசித்த பிள்ளையிடம் கணக்குக் கேட்டிருக்கக் கூடாது. வேதத்தில் பஞ்ச காலத்தில் கடைசி மாவை எலியாவுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையின் மாப்பானையைப் பற்றி அவள் சொல்லும்போதெல்லாம், அந்த விதவையின் மகனுக்கு எப்படி இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

2023 டிசம்பர் வெள்ளம் உனக்கு டிவியில் தெரிந்த அளவுதான். 17-ம் தேதி தொடங்கி ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் தெருவில் இடுப்புத் தண்ணீர். கரண்டு இல்லை, போன் இல்லை. நானும் தம்பியும் ஆச்சியை நாற்காலியோடு தூக்கி மாடியில் வைத்தோம். முதலில் வேதப்புத்தகம் கேட்டாள், கொடுத்தோம். அடுத்து பானையைக் கேட்டாள். தண்ணீருக்குள் இறங்கி அதை எடுத்து வந்தவள் அம்மா. மூன்று நாள் மாடியில் நாங்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் காய்ச்சிக் குடித்த கஞ்சி அந்த அரிசிதான். ரேஷன் புழுங்கல், பொன்னி, குருணை எல்லாம் கலந்தது, ஒரு பருக்கை குழைய ஒரு பருக்கை நறுக்கென்று நிற்கும். கர்த்தருடைய அரிசியைத் தின்னலாமா என்று தம்பி கேட்டதற்கு, "அவருக்கு இப்ப பசிக்கல, ஒனக்குப் பசிக்கிது" என்றாள்.

தண்ணீர் வடிந்த பிறகு, திருச்செந்தூரிலிருந்து கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீருக்கு நடுவே நின்றுபோன கதையைத் தம்பி வாசித்துக் காட்டினான். எண்ணூறு பேர் அளவுக்குச் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், அவர்களே வெள்ளத்தில் கிடந்தவர்கள், வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் அடுப்பு மூட்டி, சிக்கிக்கொண்டவர்களுக்குப் பொங்கிப் போட்டார்கள். காளி கோயில் என்று தம்பி கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அதாம்ல அசனம்" என்றாள். சபையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்குத்தான் அசனம் என்போம். கொடைப் பொங்கலைத் தொடாதவள் வாயில் அந்த வார்த்தை. எங்கள் சபைக் கோயில் அசனத்துக்கு நீ பனையோலைப் பட்டையில் கறிக்குழம்பு வாங்கி, இரண்டாம் பந்திக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்ததெல்லாம் அப்போது நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாலு மாசம் படுக்கைதான். வலி என்று அதிகம் சொல்லவில்லை. ஒரு விடியற்காலையில் மூச்சு நின்றது, அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அடுப்படியை ஒதுங்க வைக்கும்போது பானையைத் திறந்தேன். முக்கால் பானை அரிசி. நாலு மாசமாகப் படுத்திருந்தவள் எப்படிப் போட்டிருப்பாள்? அம்மாவைப் பார்த்தேன். "என்னய ஏன் பாக்க? கெழவி படுத்துக்கிட்டே ரெண்டு நேரமும் கேப்பா, போட்டியாட்டின்னு. போடாம போட்டேன்னு சொல்ல முடியுமா?" என்றாள்.

முதல் ஞாயிறு அம்மாவே அதைக் கடகப்பெட்டியில் கொட்டிக் கோயிலுக்கு எடுத்துப் போனாள். ஏலத்தில் வழக்கமாகக் கோழிக்கு என்று பிடியரிசி எடுக்கிற கீழத்தெரு அக்கா நூறில் ஆரம்பித்தாள். அம்மா நூற்றைம்பது என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா இருநூறு. அம்மா முந்நூறு. ஏலம் விட்ட கோயில்பிள்ளை சிரித்துக்கொண்டே மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டார். கொண்டுபோன அரிசியையே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நேரே அடுப்படிக்குப் போய் அதே பானையில் கொட்டினாள். என் வீட்டுக்காரி, "எதுக்கு அத்தை?" என்று கேட்டாள்.

"பானை வெறும கெடந்தா பல்லி அடையும்" என்றாள் அம்மா.

பங்குனிக்கு வா. நம்ம விடிலி இல்லை, ஆனாலும் உடன்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இன்னும் பனை ஏறுகிறார்கள். காலையிலேயே போனால் கலப்படமில்லாத பதநீர் கிடைக்கும். மகளையும் கூட்டி வா.

உன்
பழைய பெஞ்சுக்காரன்