மிச்சத்தையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். அதற்கு முன் 31 வருடம் நர்ஸ் வேலை. போதைக்காளான் என்றால் யார் கைது, எத்தனை கிராம் பறிமுதல் என்று மட்டும் செய்தி வருகிறது. தின்ற பிள்ளை என்ன ஆனான் என்று வருவதில்லை.

போன ஐப்பசியில் நான்கு கல்லூரி மாணவர்கள் தங்கினார்கள். இரவு பத்து மணிக்கு ஒருவன் கதவைத் தட்டி, "ஆன்ட்டி, இவனுக்கு ஃபுட் பாய்சன்" என்றான். போய்ப் பார்த்தால் அந்தப் பையன் ஒற்றைக் கால் ஷூவோடு கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கிறான். திரைச்சீலைப் பூக்களெல்லாம் ஊர்ந்து வருகின்றனவாம். கண்மணி அகல விரிந்திருக்கிறது, நாடி 130. கெட்டுப்போன பிரியாணி இப்படிச் செய்யாது. மூன்று முறை அதட்டிய பிறகுதான் ஆம்லெட்டில் போட்ட காளான் கதை வெளியே வந்தது. போலீசுக்குப் பயந்து இரண்டு மணி நேரம் மறைத்திருக்கிறார்கள்.

மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு (பிளாஸ்டிக்கில் வியர்த்து அழுகிவிடும்) ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விடிவதற்குள் தெளிந்துவிட்டான். சாதாரணமாக இந்தப் போதை ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். என் பயம் வேறு. கிள்ளினால் நீலமாக மாறுவதுதான் ஒரிஜினல் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி நீலமாகும் வேறு காளான்களும் உண்டு. கொல்லும் காளானைத் தின்றவனுக்கு ஆறு மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, பேதி தொடங்கும். அப்புறம் ஒரு நாள் சரியானது போலவே இருப்பான். உள்ளே ஈரல் போய்க்கொண்டிருக்கும். எப்போது தின்றான், எதைத் தின்றான் என்று தெரியாமல் டாக்டர் என்ன செய்வார்?

காலையில் ஓடி வந்த அம்மா, அவன் தாய்மாமா பல வருடமாக மனநல மாத்திரையில் இருப்பதாகச் சொல்லி அழுதார். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரே ஒரு தடவை தின்றதுகூட மனநோயைக் கிளப்பிவிடலாம். இதையெல்லாம் எந்தக் கல்லூரி விழிப்புணர்வுக் கூட்டத்திலும் சொல்லி நான் கேட்டதில்லை. உறுதிமொழி, பேரணி, குரூப் போட்டோ, அவ்வளவுதான்.

போதைக்காளான் வைத்திருப்பது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைச் சொல்லட்டும், சரி. கூடவே, டாக்டரிடம் மறைக்காதே, மிச்சத்தை எடுத்து வா என்றும் சொல்லட்டும். தற்கொலைச் செய்திகளின் அடியில் உதவி எண் போடுகிறீர்களே, அதுபோல இந்தச் செய்திகளுக்கும் 108, போதை மீட்பு ஆலோசனைக்கான 14446 இரண்டையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கொடைக்கானல்